மூடியைத் திறந்து பார்க்க முடிகிற வாஷிங் மெஷின்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு 7.5 கிலோ கொள்ளளவுள்ள செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. ஒரு பக்கம் துவைக்கும் தொட்டி, மறுபக்கம் நம் ஊரில் எல்லாரும் ட்ரையர் என்று சொல்லும் பிழியும் தொட்டி, மேலே மூன்று திருகுகள், பின்னால் அழுக்குத் தண்ணீர் வெளியேறும் ஓஸ். இவ்வளவுதான் அந்தப் பெட்டி. விலை 11,500 ரூபாய். மேலே ஒட்டியிருக்கும் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கடையில் வரிசையாக நின்ற ஐந்தாறு பெட்டிகளின் மூடியையும் திறந்து, உள்ளே கைவிட்டு, திருகுகளைத் திருப்பிப் பார்த்த பிறகே இதை வாங்கினேன். நிறத்தில் தெரிந்த வேறுபாடுகூட உள்ளே தெரியவில்லை. ஆகையால் நான் சொல்லப்போவது அநேகமாக இந்த வகை இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கடையில் நின்ற இளைஞர், "மேடம், இதெல்லாம் வயசானவங்க வாங்கற மாடல், ஃப்ரண்ட் லோடு பாருங்க" என்று இரண்டு முறை சொன்னார். துவைக்கும் தரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் முன்பக்கம் கதவு வைத்த இயந்திரமே மேலானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் இதைத் தேடிப் போனதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று தண்ணீர். மற்றொன்றை அந்த இளைஞரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஏழு வயதில் நான் ஆசைப்பட்ட இயந்திரம் இதுதான். இப்போது என் தம்பி மகனுக்கு ஆறு வயது நடக்கிறது, அவன் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறான்.

1995-இல் நாங்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம். நடுவில் முற்றம், முற்றத்தில் ஓர் அடிபம்பு, பக்கத்தில் ஒரு துவைகல், சுற்றிலும் ஐந்து குடும்பங்கள். துவைகல்லுக்கு முறை உண்டு. எங்கள் ஆயாவின் முறை செவ்வாயும் வெள்ளியும். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஏற்றுமதிக்கான துணிகளைத் துவைத்து வெளுத்துத் தந்தவர்கள் இங்கே குடியிருந்ததால் வந்தது. வடக்கே சற்றுத் தள்ளி இருக்கும் காலடிப்பேட்டையும் காலடியால் பெயர் பெற்றதன்று; கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டைதான் மக்கள் வாயில் அப்படி ஆயிற்று. நெய்வதும் வெளுப்பதும் பெயரிலேயே ஊறிய இந்தப் பகுதிக்கு, துணி துவைக்கவென்று ஒரு பெட்டி ஒரு மாலையில் மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. அதை வாங்கியவர் மாடி வீட்டு அத்தை. படிக்கட்டு குறுகலாக இருந்ததால் நால்வர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஏறினார்கள். எங்கள் ஆயா வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கல்லு பத்தலைன்னு பொட்டி வேற வாங்கியாறாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை, சர்க்கரை கடன் வாங்கப் போனதாக நினைவு. அத்தை மூடியைத் திறந்து வைத்தபடியே இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார். நுரை மூடிய தண்ணீருக்குள் மாமாவின் நீல நிறச் சட்டை ஒன்று வலப்பக்கமாகச் சுற்றிச் சுழன்று, கீழே இழுக்கப்பட்டு, மறுபுறம் வந்து எட்டிப் பார்த்தது. பிறகு எல்லாம் நின்றது. நுரை மட்டும் மெல்ல ஆடியது. கெட்டுப்போய்விட்டது என்று நான் அத்தையின் முகத்தைப் பார்த்த நேரத்தில், அடியிலிருந்து ஒரு உறுமல் எழுந்து, அதே சட்டை இப்போது இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. அருகில் யாரும் எதையும் தொடவில்லை. என் ஈர்ப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டால், அந்தச் சில நொடி நிறுத்தத்தில் என்றுதான் சொல்வேன். மின்விசிறி சுற்றும், தையல் மெஷின் சுற்றும், மாவு மில்லின் பட்டையும் சுற்றும். அவையெல்லாம் போட்ட திசையிலேயே போய்க்கொண்டிருப்பவை. தானாக நின்று, தானாகத் திரும்பிய ஒரு பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சர்க்கரைக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டைமர் திருகு டிக் டிக் என்று பின்னோக்கி வந்து பூஜ்யத்தில் விழும்வரை நின்றேன்.

ட்ரையர் அதைவிடப் பெரிய வித்தையாக இருந்தது. சொட்டச் சொட்ட உள்ளே போன துணி, மூன்று நிமிடம் கழித்துச் சுவரோடு ஒட்டி, நடுவில் கிணறுபோல் குழி விட்டு, தொட்டால் சில்லென்று மட்டும் இருந்தது. அன்று மாலை ஆயாவின் அலுமினியத் தூக்கில் ஈரக் கைக்குட்டையைப் போட்டுக் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றினேன். கைக்குட்டை காயவில்லை. தூக்கின் அடியில் ஓட்டை இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஆணியும் சுத்தியலுமாக அந்தக் குறையைச் சரி செய்தேன். அந்தத் தூக்கில் அதற்குப் பிறகு யாரும் மோர் வாங்கவில்லை. நைனாவிடம் வாங்கிய அடி இப்போது நினைவில் இல்லை. முற்றத்துச் சுவரில் கோடாகத் தெறித்த தண்ணீர் நன்றாக நினைவிருக்கிறது.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். முதலில் தண்ணீர், ஏனெனில் வடசென்னையில் எந்த வாஷிங் மெஷினையும் அதிலிருந்துதான் மதிப்பிட வேண்டும். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன்கொண்ட நிலையம் 2010-இல் திறக்கப்பட்டது, வடசென்னைக்கு நீர் கிடைப்பதில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனாலும் பழைய தெருக்களில் தண்ணீர் என்பது இன்றும் விடியற்காலையில் வருவது, அடித்தோ மோட்டார் போட்டோ பிடித்து டிரம்மிலும் குடத்திலும் சேர்த்து வைப்பது. செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்துக்குக் குழாய் இணைப்பு கட்டாயம் இல்லை. பக்கெட்டில் மொண்டு ஊற்றினால் போதும். முழுத் தானியங்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. அது குழாயில் வரும் நீரின் அழுத்தத்தை நம்பியிருக்கிறது. பல இயந்திரங்கள் குறைந்தது 0.3 பார் கேட்கின்றன. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும் என்பதால், மேல்தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தின் குழாயைவிட 3 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் சின்டெக்ஸ் தொட்டி மொட்டை மாடியில் தரையோடு உட்கார்ந்திருக்கிறது; இயந்திரம் அதற்கு நேர் கீழே உள்ள தளத்தில். இடையில் உள்ள உயரம் ஒன்றரை மீட்டர்தான் வரும். அந்த உயரத்தில் ஃப்ரண்ட் லோடு வைத்தால் அது தண்ணீருக்குக் காத்திருந்து காத்திருந்து எரர் காட்டும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. நானே டேப் வைத்து அளந்து தெரிந்துகொண்டேன். பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்ட 2019 கோடையில் என் தம்பி வீட்டு முழுத் தானியங்கி, பாத்திரம் கவிழ்க்கும் மேடையாகவே இரண்டு மாதம் இருந்தது.

நீர்ச் செலவை நானே அளந்தேன். நடுத்தர அளவுக்குத் தொட்டி நிரம்ப 14 லிட்டர் பக்கெட்டால் மூன்று ஊற்ற வேண்டியிருக்கிறது. முதல் ஈடு வெள்ளைத் துணி, அதே சோப்புத் தண்ணீரில் இரண்டாவது ஈடு நிறத்துணி, மூன்றாவது கால்மிதியும் துடைக்கும் துணியும். அலசும் தண்ணீரையும் இதே வரிசையில் கைமாற்றிக்கொண்டால் மூன்று ஈட்டுக்கும் சேர்த்து 11 பக்கெட்டில் முடிந்துவிடுகிறது, அதாவது ஏறத்தாழ 150 லிட்டர். கடைசியாக வெளியேறும் சோப்புத் தண்ணீரை ஓஸிலிருந்து பக்கெட்டில் பிடித்துப் படிக்கட்டைக் கழுவிவிடலாம். முழுத் தானியங்கியில் பெரும்பாலும் ஒரு முறை பயன்படுத்திய தண்ணீரை அடுத்த ஈட்டுக்குத் தொட்டியிலேயே வைத்துக்கொள்ள முடியாது. அதே நேரத்தில் இந்தச் சேமிப்பு சும்மா வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்றுவதும் திரும்பக் கொண்டுவருவதும் நம் கைவேலை. முதுகுவலி உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துவைப்பைப் பற்றிச் சொல்வதானால், அன்றாட அழுக்கும் வியர்வையும் நன்றாகவே போகின்றன. சட்டைக் கழுத்துப் பட்டையும் பள்ளிக்கூடக் காலுறையும் முன்கூட்டியே சோப்பு தேய்த்துப் போட்டால்தான் போகும். தண்ணீரைச் சூடாக்கும் வசதி இல்லை. வேண்டுமானால் நாமே வெந்நீர் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் துவைத்தால் தூள் நுரைக்க மறுக்கிறது, வெள்ளை வேட்டி சில மாதங்களில் பழுப்பேறுகிறது. இதில் இயந்திரத்தின் குற்றம் எதுவும் இல்லை. துவைகல்லில் அடித்த வெளுப்பு வருமா என்று கேட்பவர்களுக்கு, வராது, ஆனால் சட்டைப் பொத்தான் உடையாமல் வரும் என்று பதில் சொல்கிறேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நிறுத்தம்தான். 30 ஆண்டுகளாக எனக்குள் இருந்த கேள்விக்கு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் சிறிய கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் சென்ற ஆண்டு விடை காட்டினார். பழைய மெஷினிலிருந்து கழற்றிய டைமர் ஒன்றைத் திறந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இருப்பதுபோல் ஒரு சுருள்வில்லும் பற்சக்கரங்களும் இருந்தன. நாம் திருகைத் திருப்பும்போது வில்லை முறுக்குகிறோம். அது அவிழும்போது மேடுபள்ளமான ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. அதன் மேடுகள் செப்புத் தகடுகளை மாறிமாறித் தொடச் செய்கின்றன. துவைக்கும் மோட்டாரில் ஒரே அளவான இரண்டு சுற்றுக்கம்பிகள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் கண்டென்சர் என்று சொல்லும் கெபாசிட்டர் இரண்டுக்கும் நடுவில் இணைந்திருக்கிறது. மின்சாரம் முதல் கம்பிக்கு நேராகப் போனால் மோட்டார் வலப்பக்கம் சுற்றும், இரண்டாவதற்கு நேராகப் போனால் இடப்பக்கம். ஒரு தகடு விட்டு மறு தகடு தொடுவதற்கு முன், எதையும் தொடாத ஓர் இடைவெளி இருக்கிறது. மோட்டாரும் தண்ணீரும் வேகம் அடங்குவதற்காக வைத்த அந்த இடைவெளிதான் ஏழு வயதில் நான் பார்த்து மலைத்த நிறுத்தம். திசை மாறாமல் ஒரே பக்கமாகச் சுற்றினால் உள்பாவாடை நாடாவும் புடவையும் பிரிக்க முடியாத பிரியாக முறுக்கிக்கொள்ளும் என்று அண்ணன் மேலும் சொன்னார். மூன்று கம்பி, ஒரு வில், சிறிது செப்பு. நான் ஏமாற்றம் அடைந்திருக்க வேண்டும். மாறாக அந்தப் பழைய டைமரை 50 ரூபாய்க்கு விலை பேசி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

தம்பி மகனுக்கு நான் இதில் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் ஞாயிறு அவன் முக்காலியைப் போட்டு ஏறி நின்று, துவைக்கும் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். இயந்திரம் நின்றது. அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "அத்த, அது ஏன் யோசிக்குது?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் அந்தப் பழைய டைமரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். இப்போது அது அவனுடைய புத்தகப் பையில் இருக்கிறது. பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவன் அம்மா சொல்லியும் இருக்கிறது. ஒருநாள் துவைப்பு பாதியில் மின்சாரம் போயிற்று. தண்ணீர் அடங்கிவிட்டது, ஆனால் டைமர் மட்டும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருந்தது. மின்சாரம் இல்லாதபோது அது மட்டும் எப்படி ஓடுகிறது என்று அவன் கேட்கவில்லை. பையிலிருந்து தன்னுடையதை எடுத்து முறுக்கி, இரண்டையும் காதில் மாறிமாறி வைத்துப் பார்த்தான். வாங்குபவர்கள் இதைக் குறையாகவும் எடுத்துக்கொள்ளலாம்: மின்தடை முடிந்து வந்து பார்த்தால் நேரம் முடிந்திருக்கும், துணி பாதி அழுக்கோடு கிடக்கும், மறுபடி திருக வேண்டும்.

பிழியும் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூடையின் குறுக்களவு 22 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 1,300 சுற்று என்று விவரக் கையேட்டில் இருக்கிறது. கணக்குப் போட்டால் அதன் விளிம்பில் உள்ள துணி புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு விசையோடு சுவரில் அழுந்துகிறது. துணியைத் தடுத்து நிறுத்தச் சுவர் இருக்கிறது. நீரைத் தடுக்கத் துளைகளில் எதுவும் இல்லை. அதனால் நீர் மட்டும் வெளியே போகிறது. ஆயாவின் தூக்கில் நான் ஆணியடித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். கிளம்பும்போது கூடை தடதடவென்று தள்ளாடும். மோட்டார் சுருள்வில்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் தானே மையம் பிடித்து அமைதியாகிவிடும். பம்பரம் முதலில் ஆடி, பிறகு நின்ற இடத்தில் தூங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். துணியைச் சமமாகப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் வில்லையை அழுத்தி வைக்காவிட்டால் அது தூங்காது. பெட்டியே அறையில் நடக்கத் தொடங்கிவிடும். துவைக்கும் தொட்டியின் ஒரு ஈட்டை ட்ரையர் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளாது. இரண்டாகப் பிரித்துத்தான் போட வேண்டும். பிழிந்த பருத்திச் சட்டை நல்ல வெயிலில் ஒன்றரை மணி நேரத்தில் காய்கிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடி கட்டி மின்விசிறி போட்டாலும் இரவுக்குள் காய்ந்துவிடுகிறது. கடற்காற்றில் பிசுபிசுக்கும் எங்கள் பகுதிக்கு இது சாதாரண உதவி இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தத் தொட்டியிடம்தான் எச்சரிக்கை தேவை. வெளி மூடியைத் திறந்தால் ஒரு சிறிய சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது, ஒரு பிரேக் கூடையைப் பிடிக்கிறது. என்னுடையதில் மூடி திறந்தது முதல் கூடை முழுமையாக நிற்க, நிதானமாக எண்ணினால் ஆறு எண்ணிக்கை ஆகிறது. பிரேக் தேய்ந்த பழைய மெஷின்களில் இது மிகவும் நீளும். சுற்றிக்கொண்டிருக்கும் கூடைக்குள் கைவிட்டால் துணி விரலைச் சுற்றி இழுத்துவிடும். பழைய மெஷின் வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1995-இல் மூடி திறந்திருக்கும்போது அந்தச் சுவிட்சை ஒரு விரலால் அழுத்தி, கூடை வெட்டவெளியில் சுற்றுவதைப் பார்த்தவள் நான். அத்தை அன்று என்னை மாடியை விட்டு இறக்கி ஒரு மாதம் ஏறவிடவில்லை. அவர் செய்தது முற்றிலும் சரி. தம்பி மகனுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: துவைக்கும் தொட்டியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், ட்ரையர் மூடியில் கை வைக்கக் கூடாது. முக்காலியும் ட்ரையர் பக்கம் போகக் கூடாது.

குறைகள் வேறு சில உண்டு. தண்ணீரை வெளியேற்ற இதில் பம்பு கிடையாது, நீர் தன் எடையால்தான் இறங்க வேண்டும். ஓஸ் தரையோடு சரிவாகக் கிடக்காவிட்டால் தொட்டியில் நான்கு விரல் தண்ணீர் தங்கிவிடும். சலதாரை உயரமாக உள்ள வீடுகளில் இதற்கென்று ஒரு மேடை போட வேண்டியிருக்கும். ட்ரையரின் கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் இடையே உள்ள சந்தில் கைக்குட்டை விழுந்தால் எடுக்க மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்; ஒருமுறை 300 ரூபாய் ஆயிற்று, கைக்குட்டையின் விலை 20. நேரம் முடிந்ததும் அடிக்கும் மணி, எதிர்வீட்டுக் குழந்தையை எழுப்பும் அளவுக்கு இருக்கிறது. உப்புக் காற்றில் பின்பக்கத்துத் திருகாணிகள் ஆறு மாதத்திலேயே துருப்பிடித்தன. பெட்டி பிளாஸ்டிக்காக இருப்பதைக் கடையில் ஒரு குறையாக நினைத்தேன்; இப்போது அதற்கு நன்றி சொல்கிறேன். நான்காம் மாதத்தில் பெருச்சாளி ஒன்று அடியிலிருந்து நுழைந்து ஓஸைக் கடித்து, அறை முழுவதும் சோப்புத் தண்ணீரானது. அடிப்பக்கம் வலை போட்டு அடைப்பதை வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.

விற்பனைக்குப் பிந்தைய சேவையைப் பற்றி நல்லபடியாக எழுத முடியவில்லை. இயந்திரம் வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் செயல்முறை காட்ட ஆள் வந்தார். வந்தவர் திருகுகளைக் காட்டியது மூன்று நிமிடம். மேலுறையும், ஸ்டாண்டும், தொட்டியைச் சுத்தம் செய்யும் தூளும் விற்க முயன்றது இருபது நிமிடம். ஸ்டாண்டு மட்டும் வாங்கினேன். அதுவும் கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும்.

ஃப்ரண்ட் லோடைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டுக்கான முதல் தானியங்கி இயந்திரத்தைக் காட்டியபோதே அதன் முகத்தில் வட்டக் கண்ணாடிக் கதவு இருந்தது. ஆட்டத்தைத் தாங்கும் அமைப்பு இல்லாததால் அதைத் தரையோடு இறுக்கி வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காராத குழந்தை இருக்காது. என் நாத்தனார் வீட்டில் நானே முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். உருளையின் துடுப்புகள் துணியை உச்சிவரை தூக்கி அங்கிருந்து கீழே போடுகின்றன; துவைகல்லில் அடிப்பதை ஒத்த வேலைதான் அது, ஆகவே அழுக்கு போகிறது, துணியும் நையவில்லை, தண்ணீரும் குறைவு. ஆனால் கதவு பூட்டிக்கொள்கிறது. என்ன நடக்கிறது என்பதை உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பலகை தீர்மானிக்கிறது. பார்க்கலாம், கேள்விக்கு விடை கண்ணாடியில் தெரியாது. என் இயந்திரத்தில் பக்கெட் தூக்குவது, தூள் அளப்பது, திருகுவது, வடிகட்டிப் பையில் சேரும் பஞ்சை விரலால் உருட்டி எடுப்பது என்று ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. அந்தப் பஞ்சு எந்தத் துணியிலிருந்து வந்தது என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது அவனாக உருவாக்கிக்கொண்ட விளையாட்டு. சென்ற வாரம் அது என் புதிய சிவப்புத் துண்டு என்று சரியாகச் சொன்னான். எனக்குச் சற்று வருத்தம்தான்.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 7 அல்லது 7.5 கிலோ போதும். அதற்கு மேல் வாங்கினால் தொட்டி ஆழமாகி, குள்ளமானவர்களுக்கு அடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சிரமம். துவைக்கும் தொட்டியின் மூடி ஒளி ஊடுருவுவதாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சில மாடல்களில் முழுக் கறுப்பாக வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. கண்டென்சர், டைமர், பெல்ட், வடிகட்டிப் பை எல்லாம் வடசென்னையின் எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு எலக்ட்ரானிக் பலகையின் விலை ஆகாது.

இந்த மாதத் தொடக்கத்திலிருந்து துணி அதிகம் போட்டால் மோட்டார் உறுமுகிறது, ஆனால் தண்ணீர் மெதுவாகத்தான் சுற்றுகிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும் என்று கொருக்குப்பேட்டை அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டார். வரும் ஞாயிறு பத்து மணிக்கு வருகிறார். பின்பலகையைக் கழற்றும்போது பார்க்க வேண்டும் என்பதால், பையனை ஒன்பதரைக்கே கொண்டுவந்து விட்டுவிடும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.